படுத்துக்கொண்டே விதைத்தவன்

கோமதி முந்தானை முடிச்சை அவிழ்த்து, கட்டிலில் என் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மண்கட்டியை வைத்தாள்.

தின்பதற்கு ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்று நான் கையை நீட்டியிருந்தேன். கோவில்பட்டியில் பஸ் மாறித்தானே வந்திருப்பாள், கடலை மிட்டாய் வாங்கியிருப்பாள் என்று நாக்கு வேறு ஊறியது.

மண். எங்கள் மேற்கு நிலத்துக் கரிசல். கொஞ்சம் உதிர்ந்து கட்டில் கயிற்றுக்குள் விழுந்தது. கட்டிக்குள் மூன்று பருத்தி முளை இருந்தன. மூன்றும் எரிந்து அணைந்த தீக்குச்சி மாதிரி கறுத்து வளைந்திருந்தன.

"உங்க சீட்டு முளைச்சிருக்கு, பாருங்க" என்றாள் என் மனைவி.

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்துவதில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

இந்தச் சங்கதியை எழுதுவதில்லை என்று இந்தப் பத்திரிகைத் தொடரை ஆரம்பிக்கும்போதே முடிவு பண்ணி வைத்திருந்தேன். போன வாரம் என் காலை ஒடித்த காளையைப் பற்றி எழுதினேன். ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். மாட்டின் மேல் இவ்வளவு பழி போடுகிறீரே, கால் கோணலானதற்கும் மாடுதான் காரணமா என்று கேட்கிறார்.

இல்லை ஐயா. ஒடித்தது மாடு. கோணலாக்கியது நான். கேட்டுவிட்டீர், சொல்லித் தொலைக்கிறேன்.

ஒத்தாசை பண்ணாதேயும்

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். ஆவணிக் கடைசி. அந்தக் காளை மிரண்டதில் எரு ஏற்றிப்போன வண்டி குடைசாய்ந்து, சக்கரம் என் இடது முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பயம். எனக்கும் பயம்தான். அதனால் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற ஒரு வைத்தியரிடம் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

ஓலைக் கொட்டகை. வரிசையாகக் கயிற்றுக் கட்டில்கள். உளுந்தமாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றி, மேலே மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டுவார். ஒரு வாரத்தில் அது நாறும். அந்த நாற்றத்தோடுதான் சோறு தின்ன வேண்டும்.

வைத்தியர் அதிகம் பேச மாட்டார். என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"எலும்பு தானாச் சேந்துக்கிடும். நீரு அதுக்கு ஒத்தாசை பண்ணாதேயும்."

சரி என்று தலையாட்டினேன். மனசெல்லாம் புரட்டாசி மேலே இருந்தது.

எங்களுக்குக் கிணறு கிடையாது, வானம்தான். எங்கள் ஊர் இடைசெவலில் இரண்டு துண்டு நிலம், மேற்கில் ஒன்று, தெற்கில் ஒன்று. புரட்டாசியில் மழை விழுந்து, மேல் ஈரம் வடிந்து, சேறு காலில் ஒட்டாமல், அடியில் மட்டும் குளுமை இருக்கிற நேரத்தில் பருத்தி விதைக்க வேண்டும். அந்தப் பதம் மூன்று நாள் நிற்கும். சில வருஷம் ஒரே நாள்தான். முந்தினால் முளை கருகும். பிந்தினால் முளைக்கவே முளைக்காது.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு மூட்டை விதை. அது போனால் வேறு விதை கிடையாது. கோமதி, இரண்டு பெண் பிள்ளைகள், என் தம்பி சுப்பையா, நான், எல்லோருக்கும் அந்த வருஷச் சோறு அந்த மூட்டைக்குள்தான் இருந்தது.

நான் ஏர் பிடிப்பேன். கோமதி பின்னால் நடந்து ஏர் கிழித்த சாலில் விதை போடுவாள். பதினாலு வருஷம் அப்படித்தான். எங்கள் ஊரில் விதை போடுவது பெண்கள். எந்த நாளில் போடுவது என்று சொல்வது ஆண்கள். இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. எனக்குச் சௌகரியமாக இருந்தது, ஏன் கேட்கப் போகிறேன்?

ஒரு பக்கம் கிளி, மறுபக்கம் உத்தரவு

படுத்த மூன்றாம் நாள் சீட்டு எழுத ஆரம்பித்தேன்.

வைத்தியர் மகள் தீப்பெட்டி செய்கிற ஆபீஸுக்கு வேலைக்குப் போய்வருவாள். அச்சுப் பிசகிய லேபிள் தாள்கள் அவளிடம் கிடைக்கும். முன்பக்கம் பச்சைக் கிளி படம், பின்பக்கம் வெள்ளை. அதில் எழுதி, சாயங்கால பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவேன். அவர் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடையில் கொடுப்பார். எங்கள் ஊர்க்காரர் யாராவது எடுத்துப் போவார்கள். தபாலைவிட அது வேகம்.

'சுப்பையாவுக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. தெற்கு வரப்பில் அருகம்புல் தலைகாட்டியிருக்கும், வெட்டு.'

'சுப்பையாவுக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. விதை மூட்டையை எலி அண்டாத இடத்தில் வைக்கும்படி உன் மதினியிடம் சொல்.'

கோமதிக்குச் சொல்ல வேண்டியதையும் தம்பிக்குத்தான் எழுதினேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

"அண்ணாச்சி, தபால் ஆபீஸ்ல மனுப் போட்டா எனக்கு உடனே வேலை குடுத்திருவாவ போல" என்பார் கண்டக்டர்.

பக்கத்துக் கட்டிலில் மாடசாமி என்று ஒருவர். ஆட்டு மந்தையை ஊர் ஊராக ஓட்டிப்போய் நிலங்களில் கிடை போடுகிறவர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். முறிந்த கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தது. வாய் மட்டும் கட்டு இல்லாமல் இருந்தது.

"என்னவே அண்ணாச்சி, இன்னைக்குக் கோர்ட்டு உத்தரவு எத்தன?"

"உமக்கென்ன, ஆடுதானே. விதைப்புன்னா என்னன்னு தெரியுமாவே உமக்கு?"

"தெரியாது. எம்பொண்டாட்டி மேய்க்கா. ஆடு என்னையக் கேட்டா புல்லு திங்குது?"

சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஆனால் ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் எழுந்து வாசலுக்குப் போவார். எட்டயபுரம் ரோட்டில் கிடை எங்கே கிடக்கிறது, யாராவது பார்த்தீர்களா என்று இறங்குகிறவர்களிடம் விசாரிப்பார். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். திரும்பி வந்து என்னைக் கிண்டல் செய்வார்.

அப்பாவும் இப்படித்தான்

என் அப்பா கடைசியாகப் படுத்ததும் ஒரு புரட்டாசியில்தான். மூச்சு வாங்கும். பேச்சு வராது. அப்படியும் என்னைத் தனியாக விதைக்க விடவில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் வரப்பில் வைக்கச் சொன்னார். நாலு பேர் தூக்கினோம். ஏதோ பிணத்தைக் கொண்டுபோகிற மாதிரி ஊரே பார்த்தது.

வரப்பில் படுத்துக்கொண்டு கையை ஆட்டுவார். ஒரு ஆட்டு ஆட்டினால் ஏரை நிறுத்த வேண்டும். இரண்டு ஆட்டு ஆட்டினால் ஓட்ட வேண்டும். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்துவிட்டது. இந்த மனுஷன் சாகிறவரைக்கும் என்னை மாடாகத்தான் ஓட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உழுதேன். நான் படுத்தால் இப்படிச் செய்ய மாட்டேன் என்று அந்தச் சாலிலேயே சபதம் எடுத்தேன்.

அவர் கையை ஆட்டினார். நான் பென்சிலை ஆட்டினேன். வேறு வித்தியாசம் இல்லை.

மழை

புரட்டாசி நடுவில் ஒரு நாள் மத்தியானம், கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. கொட்டகை முன்னால் தண்ணீர் ஓடியது. கரிசல் நனைகிற வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. இரண்டு மணி நேரம் விடாமல் பெய்தது.

எழுந்துவிட்டேன். கட்டுப் போட்ட காலைத் தரையில் ஊன்றினேன். கட்டிலைப் பிடித்து, தூணைப் பிடித்து, கொட்டகை வாசல் வரைக்கும் போனேன். பஸ் ஏறிவிட வேண்டும் என்று நினைப்பு. வாசலில் வழுக்கியது. காலுக்குள்ளே ஏதோ நகர்கிற சத்தம் எனக்கே கேட்டது.

மாடசாமி ஒற்றைக் கையால் என்னைத் தூக்க முடியாமல் வைத்தியரைக் கூப்பிட்டுக் கத்தினார்.

வைத்தியர் கட்டை அவிழ்த்துப் பார்த்து, மறுபடி கட்டினார். என்னைத் திட்டக்கூட இல்லை. நான் வலியில் முனகிக்கொண்டே லேபிள் தாளை எடுத்து எழுதினேன்.

'சுப்பையாவுக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. நல்ல மழை. நாளைக் காலை மேற்கு நிலத்தில் ஆரம்பி. மறுநாள் தெற்கு. யார் என்ன சொன்னாலும் நிறுத்தாதே.'

கண்டக்டர் வாங்கிக்கொண்டே சொன்னார். "கோவில்பட்டில சும்மா தூறிச்சு அண்ணாச்சி. அவ்வளவுதான்."

காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. எங்கள் பக்கத்து மழையில் மாட்டின் ஒரு கொம்பு நனையும், மறு கொம்பு காயும் என்பார்கள். நானே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் படுத்திருந்த இடத்தில் பெய்த மழையை என் நிலத்திலும் பெய்ததாக எடுத்துக்கொண்டேன். நான் இருக்கிற இடத்தில்தான் உலகம் இருக்கிறது என்று நினைக்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும்?

மண்கட்டி

ஒரு வாரம் கழித்து கோமதி வந்து வைத்ததுதான் நான் முதலில் சொன்ன மண்கட்டி.

"நீ என்னட்டி செஞ்சுக்கிட்டு இருந்தே? பாத்துக்கிட்டா இருந்தே?" என்றேன்.

"சொன்னேன். மேல நனைஞ்சிருக்கு, அடில புழுதியாக் கெடக்கு, மண்ண உருண்ட பிடிச்சா நிக்கலன்னு சொன்னேன். 'அண்ணன் எழுதியிருக்காவ மதினி'ன்னு உங்க தம்பி சீட்டக் காட்டுதாரு. சீட்டு அவருக்குத்தான வந்துச்சு? எனக்கா வந்துச்சு?"

மாடசாமி திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"விதை யாரு போட்டா?"

"நாந்தான். வேற யாரு போடுவா? அவரு ஏரப் பிடிச்சாரு, நான் பின்னால போனேன். காலு சுட்டுச்சு. விதை போடுத சால்ல காலு குளுகுளுன்னு இருக்கணும், எனக்குச் சுட்டுச்சு. கருகப் போகுதுன்னு தெரிஞ்சே ஒவ்வொரு விதையாப் போட்டேன்."

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெக்கு நெலம்?" என்றேன்.

"விதைக்கல."

"ஏன்?"

"மறுநாள் காலைல விதை மூட்ட மேல ஏறி உக்காந்துட்டேன்."

"என்னது?"

"உக்காந்துட்டேன். மதினியத் தள்ளிட்டு விதைய எடுன்னு அண்ணன் எழுதியிருந்தா எடுத்துக்கிடுமின்னேன். அப்படி ஒரு சீட்டு வரல. பெரியவ அங்கனயே கஞ்சி கொண்டாந்து குடுத்தா. பொழுது சாயிற வரைக்கும் எறங்கல."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாடசாமியின் முதுகு குலுங்கியது.

கோமதி அப்போதுதான் என் காலைப் பார்த்தாள். "இது என்ன, கட்டு புதுசா இருக்கு?"

கட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்த வைத்தியர் சொன்னார். "மழை பெஞ்சதும் உங்க வீட்டுக்காரரு விதைக்கப் பொறப்பட்டாரும்மா. வாசல் வரைக்கும் போனாரு. எலும்பு வெலகிட்டு. சேரும். நேராச் சேராது."

நிலத்துக்கு அழாதவள் காலுக்கு அழுதாள். சத்தமில்லாமல், மூக்கை முந்தானையில் துடைத்துத் துடைத்து. மண் ஒட்டிய முந்தானை. மூக்கு நுனியெல்லாம் கரிசல்.

பிறகு கேட்டாள். "பென்சில் எங்க?"

தலையணைக்கு அடியில் கையை விட்டு அவளே எடுத்தாள். இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"காலு சேருத வரைக்கும் காலப் பாருங்க. நெலத்த நான் பாத்துக்கிடுதேன். எனக்குத் தெரியலன்னாலும் நான் அங்கன இருக்கேன். நீங்க இங்கன இருக்கீங்க."

மண்கட்டியை எடுக்காமலே போய்விட்டாள்.

பென்சில் இல்லாமல்

அதற்குப் பிறகு நான் திருந்தினேன் என்று எழுதினால் அது பொய். கோபத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. வைத்தியர் மகளிடம் பென்சில் கேட்டேன், இல்லை என்றாள். வாயால் சொல்லியனுப்பலாம் என்று கண்டக்டரைக் கூப்பிட்டேன்.

"அக்கா டீக்கடைலயே சொல்லிட்டுப் போயிட்டாவ அண்ணாச்சி. நீங்க எது சொன்னாலும் பஸ்ஸிலயே விட்டுட்டு எறங்கிரணுமாம்."

ஒரு நாள் மாடசாமியின் மனைவி வந்தாள். இரண்டு ஆடு குட்டி போட்டிருப்பதையும், கிடையை வடக்கே மாற்றிவிட்டதையும் சொல்லிவிட்டுப் போனாள். மாற்றலாமா என்று கேட்கவில்லை, மாற்றியதைச் சொன்னாள். அவள் போனபின் அவர் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவே, ஆடு உம்மையக் கேட்டா திங்குது?" என்றேன், பழி தீர்க்கிற மாதிரி.

அவர் சிரிக்கவில்லை. "அந்த வடக்க ஒரு கெணறு இருக்கு அண்ணாச்சி. கைப்பிடிச் சொவரு கெடையாது. குட்டிக விழுந்திரும்" என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. நான் எழுந்து போய் அவர் முதுகில் கை வைத்திருப்பேன். எழுந்திரிக்கத்தான் முடியாதே.

ஐப்பசியில் மறுபடி மழை வந்தது. நாலு நாள் விட்டு விட்டுப் பெய்தது. எங்கள் ஊரில் பெய்ததா, தெரியாது. விதைத்தாளா, தெரியாது. கட்டிலுக்கு அடியில் கிடந்த அந்த மண்கட்டியைக் கையில் எடுத்து, உருட்டி, முகர்ந்து பார்த்துக்கொண்டே கிடந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் என்னையறியாமல் தூங்கிவிட்டேன். முழித்தபோது மழை பெய்துகொண்டுதான் இருந்தது. நான் இல்லாமல் அதுபாட்டுக்குப் பெய்தது.

விட்டுவிட வேண்டும், விட்டுவிட வேண்டும் என்று இப்போது மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கேட்டால் எரிச்சலாக வருகிறது. நான் பார்த்தவரைக்கும் எவனும் தானாக விட்டதில்லை. கையிலிருந்து பிடுங்குகிறார்கள். பிறகு நான் விட்டேன் என்று சொல்லிக்கொள்கிறான். எனக்குப் பிடித்துக்கொள்ளத் தெம்பில்லாமல் போனது, அவ்வளவுதான்.

மல்லி

கார்த்திகைக் கடைசியில் சுப்பையா வண்டியோடு வந்து அழைத்துப் போனான். வழியெல்லாம் மாட்டையே அதட்டிக்கொண்டு வந்தான். நிலத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. ஊர் நெருங்கியதும் அவன் முதுகு விறைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

தெற்கு நிலத்தில் பருத்தி முழங்கால் உயரம் நின்றது. வரிசை வரிசையாக, ஒரு சாலில்கூடப் பொக்கை இல்லாமல்.

மேற்கு நிலத்தில் கொத்தமல்லி. பச்சைப் புகை மாதிரி நிலம் முழுக்கப் படர்ந்திருந்தது. அப்பா காலத்திலிருந்து அந்த நிலத்தில் பருத்தியைத் தவிர எதுவும் போட்டதில்லை.

யாரைக் கேட்டுப் போட்டாள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சுப்பையா திரும்பி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயசு ஆம்பிளை, அடிக்குக் காத்திருக்கிற மாடு மாதிரி பார்த்தான். அந்தப் பார்வையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் கட்டிலைப் பார்த்து நான் அப்படித்தான் நின்றிருப்பேன்.

வாயை மூட ஏதாவது வேண்டியிருந்தது. இறங்கி, கம்பை ஊன்றிக் குனிந்து, ஒரு கொத்து மல்லி இலையைப் பறித்து வாயில் திணித்துக்கொண்டேன்.

"நல்லா இருக்காண்ணே?" என்றான்.

தலையை மட்டும் ஆட்டினேன். கொஞ்சம் நெருக்கமாக விதைத்திருந்தாள். அதை மூன்று நாள் அடக்கிவைத்திருந்து நாலாம் நாள் சொன்னேன். "தெரியும்" என்றாள். களையெடுக்கப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் புரட்டாசியில் மழை விழுந்தது. நான் கம்பை ஊன்றிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். கோணல் காலை வைத்துக்கொண்டு கரிசலில் ஏர் பிடிக்க முடியாது என்பது அதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. ஏரில் மாடுகளைப் பூட்டிக்கொண்டு சுப்பையா நின்றான். என்னைப் பார்க்கவில்லை, கோமதியைப் பார்த்தான்.

அவள் நிலத்துக்குள் நடந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்தாள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட்டாள். விழுந்த உருண்டையைக் குனிந்து பார்த்தாள். இன்னொன்று பிடித்தாள். அதைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்ன சொல்லுதீங்க?"

கேட்டாளே என்றிருந்தது. உருண்டையை அழுத்தினேன். விரலில் ஈரம் பிசுபிசுத்தது. ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. எத்தனை வருஷ அனுபவம், அடித்துச் சொல்வேன், ஒரு நாள்.

அவள் வெறுங்காலோடு நின்றாள். விரல்கள் மண்ணுக்குள் புதைந்திருந்தன. நான் செருப்புப் போட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

"எனக்குத் தெரியல" என்றேன்.

அவள் முகத்தில் என்ன ஓடியது என்று சொல்லத் தெரியவில்லை. "சரி" என்றாள். மடியில் விதையை வாரிக் கட்டிக்கொண்டு ஏருக்குப் பின்னால் போனாள்.

முளைத்ததா என்று அந்த வாசகர் அடுத்த கார்டு போடுவார். முளைத்தது ஐயா. நன்றாகவே முளைத்தது. இருந்தாலும் ஒரு நாள் பொறுத்திருந்தால் இன்னும் நன்றாக முளைத்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இத்தனை வருஷத்தில் அதை அவளிடம் சொன்னதில்லை.

இந்தப் பத்திரிகை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும். முதலில் எடுத்துப் படிப்பவள் அவள்தான்.